குனியாமல் எடுக்கும் படம்

பழைய பத்திரம், பேரேடு, ஓலைச்சுவடி, நாளிதழ் என்று தட்டையாகக் கிடக்கிற எதையாவது படமெடுத்துப் பழக வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது எந்தக் கேமரா வாங்கலாம் என்றுதான். நான் அவர்களை நாற்காலியில் உட்காரச் சொல்லி, முழங்கை தரையிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் நிற்கிறது என்று டேப் பிடித்து அளப்பேன். சிரிப்பார்கள். மத்தியானத்துக்குள் சிரிப்பு நின்றுவிடும். ஒரு பேரேட்டில் 400 பக்கம் சாதாரணமாக இருக்கும். பக்கத்துக்கு ஒரு தடவை எழுந்து, எக்கி, கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்த்து, மறுபடி குனிந்து புரட்டினால் நூறாவது பக்கத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இருநூறாவது பக்கத்தில் ‘இது போதும்’ என்று மனசு சொல்ல ஆரம்பிக்கும். கலங்கிய படங்களும் விட்டுப்போன பக்கங்களும் அதற்கு அப்புறம்தான் வரும். அதற்கு லென்ஸைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

வீட்டு மேசைகள் பெரும்பாலும் 30 அங்குல உயரம். அதன்மேல் கேமரா ஸ்டாண்டின் அடிப்பலகை, அதன்மேல் மூன்று அங்குலத் தடிமனில் ஒரு பேரேடு என்றால், உட்கார்ந்திருப்பவர் நாள் முழுக்கத் தோளைத் தூக்கிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். ஆசாரியிடம் சொல்லி மேசைக்காலை அறுத்து 26 அங்குலமாக்கிக்கொள்ளுங்கள். காகிதம் கிடக்கிற மட்டம் முழங்கைக்கு ஒரு விரற்கடை கீழே இருக்க வேண்டும். கேமராவின் திரையை அண்ணாந்து பார்க்கவே கூடாது. கேபிள் போட்டு லேப்டாப்பில் இணைத்து, லேப்டாப்பை இடதுபக்கம் கண் மட்டத்தில் நிறுத்திவிட்டால் கழுத்துக்கு வேலை இல்லை.

இந்த வேலையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தின் கேமரா ரூமில் இருந்தவர். எல்லோருக்கும் அண்ணாச்சி. அவர் காலத்தில் ப்ராசஸ் கேமரா என்பது அறையின் பாதியை அடைத்துக்கொண்டு தண்டவாளத்தில் நகர்கிற பெரிய சாமான். ஒரு முனையில் காப்பி போர்டு, நடுவில் லென்ஸ், மறுமுனையில் பிலிம். இரண்டு பக்கமும் ஆர்க் லைட். கோவில்பட்டி கொண்டையராஜு வழியில் வந்த ஓவியர்களின் சாமி படங்கள் காலண்டருக்காக அந்த போர்டில்தான் மாட்டப்படும். வார்னிஷ் பூசிய முருகன் முகத்தில் வெளிச்சம் திட்டாக விழாமல் எடுத்துக் காட்டுவதுதான் கேமராமேனின் சாமர்த்தியம். கேமரா ரூம்கள் மூடின பிறகு, அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் பழைய போட்டோக்களைக் காப்பி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் சேர்ந்தது அப்போதுதான்.

அவரிடம் கேமராவைவிடக் கையைப் பார்த்துக் கற்றது அதிகம். காகிதத்தை உள்ளங்கையால் நீவ மாட்டார். விரல்களை மடக்கி, புறங்கைப் பக்கத்தால், நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே தடவை தடவுவார். உள்ளங்கை வேர்க்கும், புறவிரல் வேர்க்காது. பக்கத்தைப் புரட்ட மேல்மூலையைக் கிள்ளி இழுக்க மாட்டார். சீவி மழுக்கிய மூங்கில் சிம்பு ஒன்று வைத்திருப்பார், அதைப் பக்கத்துக்கு அடியில் விட்டு, காகிதம் தானாக எழும்பும் வரை காத்திருந்து, எழும்பின பிறகுதான் விரல். எச்சில் தொட்டுப் புரட்டுகிற பழக்கம் கணக்குப்பிள்ளைகளிடமிருந்து ஊர் முழுக்கத் தொற்றிய ஒன்று. அவர் எதிரில் ஒருவன் நாக்கில் விரலை வைத்தால் அன்றைக்கு அவனுக்கு வேலை கிடையாது, போய் டீ வாங்கி வர வேண்டியதுதான். கையுறையும் அவருக்குப் பிடிக்காது. பருத்திக் கையுறை போட்ட விரலுக்கு நொறுங்கும் ஓரம் எது என்று தெரியாது, நூல் வேறு போய் மாட்டும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த வெறுங்கை போதும். போட்டோ பிரிண்ட், நெகட்டிவ் இரண்டுக்கு மட்டும் கையுறை.

கேமராவை நிறுத்த அவர் வைத்திருந்தது ஒரு பழைய என்லார்ஜரின் தண்டு. டிஜிட்டல் வந்ததும் ஸ்டுடியோக்காரர்கள் என்லார்ஜர்களைப் பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போட்டார்கள். தலைப்பகுதியைக் கழற்றிவிட்டு, லேத்தில் ஒரு பிராக்கெட் கடைந்து மாட்டினால் அருமையான காப்பி ஸ்டாண்டு. பல் சக்கரத்தைத் திருப்பினால் கேமரா மேலும் கீழும் வழுக்கிக்கொண்டு போகும். இன்றைக்கும் தேடினால் கிடைக்கிறது. ட்ரைபாடில் குறுக்குக் கம்பி போட்டும் எடுக்கலாம், பின்முனையில் மணல் மூட்டை தொங்கவிட மறக்கக் கூடாது. ஆனால் ட்ரைபாடின் கால்கள் உங்கள் முழங்கால் வைக்கிற இடத்திலேயே வந்து நிற்கும், அடிக்கடி இடிபடும். ஒவ்வொரு இடிக்கும் ஃபிரேம் கொஞ்சம் நகரும்.

கேமரா காகிதத்துக்கு நேர்மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டம் வைப்பார்கள் பலர். ரசமட்டம் பூமிக்கு மட்டம் சொல்லும்; உங்கள் மேசையே சாய்வாக இருந்தால்? ஒரு கைக்கண்ணாடியை வாங்கி, காகிதம் கிடக்கிற இடத்தில் மல்லாத்தி வையுங்கள். லைவ் வியூவில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டு பிம்பத்துக்கு ஃபோகஸ் செய்தால், கண்ணாடிக்குள்ளிருந்து கேமரா தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். லென்ஸின் கருவிழி கட்டத்தின் நட்ட நடுவில் இருந்தால் மட்டம் சரி. மேலே ஏறியிருந்தால் கேமரா முன்பின்னாகச் சாய்ந்திருக்கிறது, பக்கவாட்டில் போனால் இடவலமாக. பிராக்கெட்டுக்கு அடியில் தபால் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகினாலே லென்ஸ் நகர்ந்து நடுவுக்கு வருவது கண்ணுக்குத் தெரியும். தினமும் காலையில் முதல் வேலை இது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு தடவை.

லென்ஸ் 50 அல்லது 60 மி.மீ. மேக்ரோவாக இருந்தால் நல்லது. கேமராவோடு வரும் ஜூமை அகலப்பக்கம் வைத்து எடுத்தால் பேரேட்டின் சிவப்புக் கோடுகள் பீப்பாய்போல வெளியே புடைக்கும். 8 அப்பர்ச்சர், 100 ஐஎஸ்ஓ, எல்லாம் மேனுவல். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000-க்கு 4000 புள்ளி. ஏ4 தாளை ஓரம் விட்டு எடுத்தாலும் அங்குலத்துக்கு 400 புள்ளி தாராளமாகக் கிடைக்கும். 22 அங்குல நீள நாளிதழை ஒரே படமாக எடுத்தால் 270-தான் தேறும். படிக்க முடியும், ஆனால் பொடி எழுத்து வரிவிளம்பரம் முக்கியம் என்றால் மேல்பாதி கீழ்பாதியாக இரண்டாக எடுத்துவிடுங்கள். இதற்கு மேல் பிக்சல் கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

வெளிச்சத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி தடுமாறுகிறார்கள். இரண்டு எல்இடி விளக்கை வாங்கிப் பக்கத்துக்கு ஒன்றாகக் காகிதத்தை ஒட்டி வைப்பார்கள், பக்கத்தில் இருந்தால் நிறைய வெளிச்சம் என்ற நினைப்பில். “பக்கத்துல வைக்காதப்பா, தள்ளி வை. தள்ளித் தள்ளிப் பாரு” என்பார் அண்ணாச்சி. ஏன் என்று அவர் விளக்கியதில்லை. கணக்குப் போட்டால் தெரியும். இரண்டடி அகலக் காகிதத்தின் ஓரங்களிலிருந்து இரண்டடியில் விளக்குகள் நின்றால், ஓரத்தில் விழுவது நடுவில் விழுவதைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம். ஐந்தடிக்குத் தள்ளினால் அந்த வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் அடங்கிவிடும். வெளிச்சம் குறைந்ததை ஷட்டரை மெதுவாக்கிச் சரிக்கட்டலாம். காகிதத்திலிருந்து 45 டிகிரிக் கோணம். இடது விளக்கு வலது ஓரத்தைப் பார்க்க வேண்டும், வலது விளக்கு இடது ஓரத்தை. பிறகு நடுவில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் விழும் நிழல் ஒரே நீளத்தில், ஒரே கருமையில் இருந்தால் விளக்கு இரண்டும் சமம். கடைசியாக ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நான்கு மூலையிலும் நடுவிலும் வெளிச்ச அளவைக் காட்டும் எண்கள் ஒத்துவருகின்றனவா என்று லேப்டாப்பில் பாருங்கள்.

நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்கு விநாடிக்கு 100 தடவை துடிக்கும். 1/250-ல் எடுத்தால் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை ஓடும். 1/25 அல்லது அதற்கும் மெதுவாக வைத்தால் பட்டை போய்விடும். ஆனால் மெதுவான ஷட்டரில் கேமராவுக்குள் கண்ணாடி அடிக்கிற அதிர்ச்சியே படத்தைக் கலக்கும், ஆகவே லைவ் வியூவில் வைத்தே எடுங்கள்.

அறையைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. செட்டிநாட்டுப் பக்கம் ஒரு வீட்டில், ஹாலுக்குக் கிளிப்பச்சை டிஸ்டெம்பர். என்னோடு வந்த பையன் ஒயிட் பேலன்ஸை மாற்றி மாற்றிப் பார்த்தான், ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் பச்சை பூத்தது. ஜன்னலையும் பக்கச் சுவரையும் கறுப்புத் துணியால் மூடின பிறகுதான் காகிதம் தன் நிறத்துக்கு வந்தது. அடுத்து வீட்டுப் பெரியவர், வெள்ளை வேட்டி சட்டையில், தன் தாத்தாவின் கையெழுத்தைப் பார்க்கும் ஆசையில் மேசையை ஒட்டி வந்து நின்றார். அந்த வெள்ளையும் காகிதத்தில் வெளிச்சமடிக்கும், ஆனால் போகச் சொல்ல முடியுமா? “ஐயா, இங்க உட்கார்ந்தா லேப்டாப்பில பெரிசா தெரியும்” என்று ஒரு நாற்காலியை மறுபக்கம் போட்டோம். பளபளப்பான எதை எடுத்தாலும் சட்டை உட்படக் கறுப்பு உடுத்துவது இந்தத் தொழிலில் வழக்கம். தாளின்மேல் கண்ணாடிப் பலகை வைத்து எடுக்கும்போது கேமராவே அதில் தெரியும், அதற்கு நடுவில் ஓட்டை போட்ட கறுப்பு அட்டையை லென்ஸில் மாட்டிவிட வேண்டும்.

சித்திரை வெயிலில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது. சீலிங் ஃபேன் சுற்றினால் தாள் படபடக்கும், தண்டு ஆடும். ஸ்டாண்டு ஃபேனைக் குட்டையாக்கி மேசைக்குக் கீழே காலுக்கு நேராக வைத்துப் பாருங்கள். கால் குளிர்ந்தால் உடம்பு தாங்கும், மேலே ஒரு தாள்கூட அசையாது.

காகிதத்துக்கு அடியில் என்ன விரிப்பது என்பதில் எனக்கும் சில நண்பர்களுக்கும் தீராத சண்டை. சாணித்தாளில் இரண்டு பக்கமும் அச்சடித்த குஜிலிப் பாட்டுப் புத்தகம் போன்றவற்றுக்குப் பக்கத்தின் பின்னால் கறுப்புத் தாள் செருகினால் மறுபக்க எழுத்து தெரிவது குறையும். உண்மைதான். ஆனால் ராமபாணப் பூச்சி துளைத்த தாளாக இருந்தால் அந்தக் கறுப்பு ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கும். ககரத்தின் தலைக்கு மேலே ஓட்டை விழுந்திருந்தால் படத்தில் அது ‘க்’ ஆகிவிடும். வெள்ளைத் தாள் வைத்தால் ஓட்டை மறைந்து, எழுத்தின் கால் ஒன்று போனதே தெரியாது. என் வழி வெளிர்நீலத் தாள். ஓட்டை ஓட்டையாகவே தெரியும், படிக்கிறவர் ஏமாற மாட்டார். பார்க்க அழகில்லை என்பார்கள். இருக்கட்டும்.

ஓலையில் இந்தப் புள்ளிப் பிரச்சினை அநேகமாக இல்லை, எழுத்தாணிக்காரர்கள் புள்ளி வைக்காமலே எழுதிப் போனார்கள். அங்கே தொந்தரவு வேறு. மை தடவாத ஓலையில் எழுத்து வெறும் கீறல்தான். 45 டிகிரி வெளிச்சம் இரண்டு பக்கமும் சமமாக விழுந்தால் எழுத்து கரைந்துவிடும். ஒரு விளக்கை அணைத்து, மற்றதை மேசை மட்டத்துக்கு இறக்கி, ஓரமாகப் பாய்ச்சினால் கீறலின் ஒரு கரையில் நிழல் நின்று எழுத்து எழுந்துவரும். புல்தைலம் தடவிய ஓலை பளபளக்கும், அதைத் தடவிய அன்றே எடுக்க வேண்டாம். ஓலையின் இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் ஏட்டு எண் இருக்கும். ௰௨ என்றால் பன்னிரண்டு என்று தெரியாத உதவியாளரிடம் கட்டை அவிழ்க்கக் கொடுக்காதீர்கள். திரும்பக் கோத்துத் தரும்போது ராமன் காட்டுக்குப் போன பிறகு கல்யாணம் நடக்கும்.

மடித்து மடித்து வைத்த முத்திரைத்தாள் பத்திரங்கள் மேசையில் வில்லாக எழும்பும். ஒரு பெண், நல்ல சூட்டிகையான பிள்ளை, இஸ்திரிப் பெட்டியை எடுத்தே விட்டாள். பழைய தாளுக்கு அந்தச் சூடு ஆகாது. மை ஒற்றும் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான பலகையை ஏற்றி ஓர் இரவு விட்டால் முக்கால்வாசி அடங்கிவிடும். மிச்சத்தை அடக்க, கறுப்பு வெல்வெட்டில் விரல் தடிமனுக்குக் குழாய் தைத்து, சைக்கிள் கடையிலிருந்து பால்ரஸ் குண்டு வாங்கி அடைத்து வைத்திருக்கிறேன். ஓரத்தில் எழுத்தில்லாத இடமாகப் பார்த்துப் படுக்க வைத்தால் போதும். கண்ணாடிப் பலகை கடைசி வழி, மை உதிர்கிற தாளில் அதுவும் கூடாது.

இனி கையோட்டம். எடுக்க வேண்டிய கட்டு இடப்பக்கம், எடுத்தது வலப்பக்கம். எடுத்த தாளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அப்போதுதான் கடைசியில் கட்டைத் திருப்பினால் வரிசை அப்படியே இருக்கும். இரண்டு கையும் காகித வேலையை விட்டு வேறெதற்கும் போகக் கூடாது. அப்படியானால் ஷட்டரை யார் அழுத்துவது? கால். இது என் கண்டுபிடிப்பு இல்லை. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994-ல் தொடங்கியபோது பழைய அச்சுப் புத்தகங்களுக்கு மைக்ரோஃபிலிம்தான் கதி. மேலிருந்து எடுக்கும் மைக்ரோஃபிலிம் கேமராக்களில் கால் சுவிட்ச் பழகிப்போன சங்கதி. கேமராவின் ஒயர் ரிமோட் என்பது பெரும்பாலும் இரண்டு கம்பி தொட்டுக்கொள்வதுதான். கேமராவுக்குப் பொருத்தமான 2.5 மி.மீ. பின், கொஞ்சம் ஒயர், ஒரு காலிங் பெல் சுவிட்ச், அதைத் திருகி வைக்க ஒரு மரக்கட்டை. தெரு எலக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் செய்து தருவார். செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலால் அழுத்திப் பழகுங்கள். கை தாளை வைக்கும், விலகும், கால் அழுத்தும், கண் லேப்டாப்பில் பார்க்கும், கை அடுத்த தாளுக்குப் போகும். இந்தத் தாளம் பிடிபட்டால் அரைநாள் போவதே தெரியாது. வேகத்துக்கு ஆசைப்பட்டுத் தாளத்தை முந்தாதீர்கள். ஒரு மணிக்கு ஒருதடவை எழுந்து முற்றத்தில் நடந்துவிட்டு வாருங்கள், அண்ணாச்சி அதற்காகவே வெற்றிலைப் பெட்டியை அடுத்த அறையில் வைத்திருந்தார்.

ஒவ்வொரு கட்டுக்கும் முதல் படம் கலர் கார்டும் ஸ்கேலும் கட்டின் எண் எழுதிய சீட்டும். தொடங்குமுன் பக்கங்களை எண்ணி நோட்டில் எழுதுங்கள், முடித்த பிறகு படத்தை எண்ணுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் வரை கட்டைக் கட்டித் திருப்பிக் கொடுக்கக் கூடாது, கேமராவின் மெமரி கார்டை அழிக்கவும் கூடாது. வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள். வட்டிக் கணக்கு ஒன்றில் எழுதாத பக்கங்களை வீண் என்று விட்டுவிட்டு வந்துவிட்டார் ஒரு நண்பர். பிறகு அந்த வீட்டுப் பங்காளிகளுக்குள், நடுவில் யாரோ பக்கத்தை மறைத்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பி, அவர் மறுபடி பஸ் ஏறிப் போய் வெள்ளைத் தாள்களை எடுத்து வந்தார்.

கையில் போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு. கல்யாண வீடுகளில் போடுகிற பிளாஸ்டிக் முக்காலியின் நடுவில் ஓர் ஓட்டை இருக்கும். முக்காலியை மேசைமேல் நிறுத்தி, போனைக் கவிழ்த்து லென்ஸ் அந்த ஓட்டைக்கு நேராக வரும்படி வையுங்கள், காகிதத்தைக் கால்களுக்கு நடுவே தள்ளுங்கள். ஏ4 அளவு வரை சௌகரியமாக அடங்கும். அகல லென்ஸுக்குப் போகாமல் முதன்மை லென்ஸிலேயே எடுங்கள், டைமர் போடுங்கள், வெளிச்சத்துக்கு ஒரு ஜன்னலும் எதிர்ப்பக்கம் ஒரு தெர்மகோல் பலகையும். குடும்பப் பத்திரம், தாத்தாவின் கடிதம் இதெல்லாம் இப்படி எடுத்தே காப்பாற்றலாம். நிறையப் பேர் நல்ல கேமரா வரட்டும் என்று காத்திருந்து செல்லரிக்க விட்டிருக்கிறார்கள்.

இப்போது ஒரு வீட்டில் டிரேசிங் துணியில் வரைந்த நில வரைபடங்கள் வந்திருக்கின்றன. நாலடி அகலம், சுருட்டிச் சுருட்டி முறுக்கேறியவை. என் மேசையில் பாதிகூடக் கொள்ளாது. துண்டு துண்டாக, மூன்றில் ஒரு பங்கு மேலேறும்படி எடுத்து ஒட்டலாம்தான். வயல் வரப்பு ஒட்டும் இடத்தில் ஒரு மயிரிழை விலகினாலும் சர்வே நம்பர் மாறிப்போகும். அண்ணாச்சியின் காப்பி போர்டு மாதிரி செங்குத்தாக மாட்டிவிடலாம் என்று இருக்கிறேன். ஆறடிப் பலகைக்கு ஆசாரியிடம் சொல்லியாகிவிட்டது, முகப்பில் இரும்புத் தகடு அடித்தால் துணியைக் குத்தாமல் காந்தத்தால் நிறுத்தலாம். விளக்குகளைப் பன்னிரண்டடிக்குத் தள்ள வேண்டும், அந்த வீட்டு ஹாலில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று நாளைக்குப் போய் அளக்க வேண்டும்.